பிள்ளைக்குப் பிறந்தநாள், நமக்குக் கடனா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிச்ச பழக்கம்தான், மைக்கைப் பிடிச்ச பழக்கம் இல்லை. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க. "சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கிறது, அதை வச்சுப் பிறந்தநாள் கொண்டாடுறது" இதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. ஊரில் இரண்டு வருசமா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வச்சுக் கைவேலை செய்ய வைக்கிறேன். அதே மாதிரி இதுவரைக்கும் 14 பிறந்தநாள் நடத்திக் கொடுத்திருக்கேன். அதனால என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா அந்த நல்ல கதைக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். அதைச் சொல்லாம மீதியைப் பேசினா நியாயம் இல்லை.

என் மகளுக்கு அஞ்சு வயசு முடிஞ்ச அன்னைக்கு நடந்தது. அதுக்கு முந்தி டவுனில் எங்க சொந்தக்காரங்க வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அங்கே "தீம்" வச்சுக் கொண்டாடினாங்க. தீம்னா வேற ஒண்ணும் இல்லை, ஒரு தலைப்பை எடுத்துக்கிட்டு கேக்கு, சட்டை, அலங்காரம் எல்லாத்தையும் அதுக்குப் பொருத்தமாச் செய்யிறது. நம்ம கொலு வைக்கிறவங்க ஒரு படியில் ஒரு கதையை அடுக்குவாங்களே, அது மாதிரி. அந்த வீட்டில் தலைப்பு கடல். சுவரெல்லாம் மீன், கேக்கில் மீன். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் ராத்திரி பூரா தூக்கம் இல்லை. நம்ம பிள்ளைக்கு ஒரு தடவையாவது இப்படிச் செய்யணும்னு மனசில் விழுந்துட்டுது.

கையில் பணம் இல்லை. குழுவில் உள்கடன் கேட்டேன். பிறந்தநாளுக்குன்னு கேட்டா தருவாங்களா? ஆடு வாங்கன்னு சொன்னேன். தீர்மான நோட்டில் "ஆடு வளர்ப்பு, 10,000 ரூபாய்" என்று எழுதினாங்க. நானே கையெழுத்துப் போட்டேன்.

தலைப்பு இளவரசி. இரண்டு கிலோ கேக்கு 1,600 ரூபாய். பலூன் அலங்காரம் 2,500. ஃபிளக்ஸ் 700. இளவரசி கவுன் 1,400. சாப்பாட்டுச் செலவு 3,800. சரியா 10,000 ரூபாய் தீர்ந்துட்டுது.

என் பிள்ளை அன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? கவுன் கழுத்தில் குத்துதுன்னு அழுதா. கேக்கில் சரசரன்னு பொறி பறக்கிற மெழுகுவர்த்தியைப் பார்த்துப் பயந்து என் சேலைக்குள்ள முகத்தைப் புதைச்சா. ஒரு பையன் நுரை ஸ்பிரே அடிச்சு அவ கண்ணில் பட்டுட்டுது. பந்தி முடியறதுக்குள்ள தூங்கிட்டா. ஃபோட்டோ எடுக்கத் தூக்கத்தில் எழுப்பி நிப்பாட்டினோம். அந்த ஃபோட்டோ இன்னைக்கும் வீட்டில் இருக்கு. எல்லாரும் சிரிக்கிறோம், பிறந்தநாள்காரி மட்டும் சிரிக்கலை.

மறுநாள் காலையில் பார்த்தா, கேக்கு வந்த வெறும் அட்டைப் பெட்டியைத் திண்ணையில் வச்சு வீடு கட்டிக்கிட்டு இருக்கா. பென்சிலால் ஜன்னல் குத்தி, உடைஞ்ச பலூனைத் திரை கட்டி, தீப்பெட்டியைக் கட்டில் போட்டு, மூணு நாள் அதை விட்டு நகரலை. 10,000 ரூபாய்க்குக் கொண்டாட்டம். பிள்ளைக்குப் பிடிச்சது அந்தப் பெட்டி. நான் அடுப்படியில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. "எம்மா, அவ மட்டும் ஏன் கேக்கு சாப்பிட வரலை?" அவ கேட்டது அடுத்த தெருவில் இருக்கிற பிள்ளையை. அங்கன்வாடியில் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பிள்ளை வந்திருக்கா. வாசல் வரைக்கும் வந்தவளை அவ ஆச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். "பெரிய விசேசம் மாதிரி செஞ்சிருக்காங்க, வெறுங்கையோட எப்படிப் போறது" என்று சொன்னாங்களாம். எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. நான் போட்ட பலூன் வளைவு ஒரு பிள்ளைக்கு உள்ளே வர வழியைக் காட்டலை, வராதேன்னு சொல்லியிருக்கு.

கடன் கதை இன்னும் முடியலை. மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாசம் ஆயிரமா பத்து மாசம் கட்டினேன். வட்டி 550. நடுவில் எங்க ஊக்குநர் அக்கா வீட்டுக்கு வந்து, "எங்கட்டி ஆடு?" என்று கேட்டாங்க. "மேயப் போயிருக்குக்கா"ன்னு சொன்னேன். அடுத்த மாசமும் கேட்டாங்க. அப்பவும் மேயத்தான் போயிருந்தது.

(சிரிக்காதீங்க. இங்கே இருக்கிற எத்தனை பேர் வீட்டு ஆடு மேயப் போயிருக்குன்னு எனக்குத் தெரியும்.)

ஒரு நாள் பொறுக்க முடியாம அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். அவங்க திட்டலை. "அடுத்த கூட்டத்தில் நீயே எந்திரிச்சுச் சொல்லு" என்று மட்டும் சொன்னாங்க. சொன்னேன். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. பிறகு ஒரு சித்தி, "நானும் காதுகுத்துக்குத்தான் வாங்கினேன், தையல் மிஷினுன்னு எழுதினேன்"னு சொன்னாங்க. இன்னொருத்தங்களும் சொன்னாங்க. அன்னைக்குத்தான் நாங்க உட்கார்ந்து பேசினோம். பிள்ளை சந்தோசத்துக்குச் செலவு செய்யிறது தப்பு இல்லை. அந்தப் பணம் பிள்ளை சந்தோசத்துக்குப் போகுதா, ஊர் பார்வைக்குப் போகுதா என்பதுதான் கேள்வி.

எனக்கு வழி காட்டினது எங்க அங்கன்வாடி டீச்சர். "தீம் என்ன பெரிய விசயம், இங்கே நாங்களும் தலைப்பு வச்சுத்தானே சொல்லிக் கொடுக்கிறோம். பழம், விலங்கு, தண்ணின்னு ஒரு தலைப்பை எடுத்தா பாட்டு, கதை, படம், களிமண் எல்லாம் அதிலேயே வரும்" என்று சொன்னாங்க. பிள்ளை களிமண்ணைப் பிசையும்போதும், காகிதத்தைக் கிழிக்கும்போதும், விதையை ரெண்டு விரலால் பொறுக்கும்போதும் விரலுக்குப் பலம் வருது, பின்னாடி பென்சில் பிடிக்க அதுதான் உதவுதுன்னும் சொன்னாங்க.

யோசிச்சுப் பார்த்தா இது நமக்குப் புதுசே இல்லை. நம்ம பக்கம் மார்கழியில் பெண்பிள்ளைகள் வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டுவாங்க. தையில் அதுக்கு முன்னாடி சிறுவீட்டுப் பொங்கல் வைப்பாங்க. சாணி உருண்டையில் பூசணிப்பூ வச்சுத் தட்டிக் காயவைப்பாங்க. கட்டுறது, பூசுறது, கோலம் போடுறது, சமைக்கிறது எல்லாமே அதில் இருக்கு. நாமே அதைச் செஞ்சுதான் வளர்ந்தோம்.

மகளுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. வைகாசி மாசம். என்ன தலைப்பு வேணும்னு அவகிட்டயே கேட்டேன். அவங்க அப்பா அப்பத்தான் நுங்கு வெட்டிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. "நுங்கு" என்று சொன்னா. சரி, பனைமரம்னு வச்சோம். நம்ம தமிழ்நாட்டு மாநில மரமே பனைதான். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு நிக்குது.

அழைக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் ஒண்ணு சொன்னேன். "பரிசு, மொய் ஒண்ணும் கொண்டு வரக்கூடாது. பிள்ளை கையில் ஒரு இலை மட்டும் கொடுத்து விடுங்க. எந்த இலையா இருந்தாலும் சரி." இலைக்குக் காசு கிடையாது. அதனால வெறுங்கைன்னு யாரும் நிக்க வேண்டியதும் இல்லை.

12 பிள்ளைகள் வந்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு முடிச்சோம். பெரியவங்க நாங்க மூணு பேர், நாலு பிள்ளைக்கு ஒருத்தர். என்னென்ன செஞ்சோம்னு வரிசையாச் சொல்றேன், விருப்பம் இருக்கிறவங்க செஞ்சு பாருங்க.

முதலில் இலை அச்சு. பழைய வெள்ளை வேட்டியைத் திண்ணையில் விரிச்சோம். இலையின் பின்பக்கம்தான் நரம்பு எடுப்பா இருக்கும். அதில் வண்ணத்தைத் தடவித் துணியில் கவுத்து, மேலே ஒரு பழைய பேப்பரை வச்சு உள்ளங்கையால் அமுக்கினா நரம்பு நரம்பாப் பதியும். பூவரசு, வேம்பு, முருங்கை, பூசணின்னு ஆளுக்கு ஒண்ணு. கூடவே வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு வச்சா பூ மாதிரி விழும். பாகற்காய் வேற பூ. வாழை மட்டையை வெட்டி வச்சா தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா விழும். சந்தையில் விக்காத முத்தின வெண்டைக்காய் இருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது ஓலை. எங்க மாமியார் ஓலைப்பெட்டி முடையிறவங்க. அவங்க முதலில், "கேக்கு பெருசா இல்லை, பந்தி இல்லை, இது என்ன பிறந்தநாள்? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?"ன்னு முறைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. பிள்ளைகளுக்கு ஓலைக் காத்தாடி செஞ்சு கொடுங்க அத்தைன்னு கேட்டதும் வந்து உட்கார்ந்தாங்க. காத்தாடி, கிலுகிலுப்பை, தலைக்குக் கிரீடம்னு அவங்க கை நிக்கலை. போன வருசம் 1,400 ரூபாய் கவுன் போட்ட இளவரசி, இந்த வருசம் ஆச்சி செஞ்ச ஓலைக் கிரீடத்தை ராத்திரி தூங்கும்போதும் கழற்றலை.

மூணாவது சமையல். பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, ஏலக்காய் சேர்த்துப் பிசைஞ்சு வச்சேன். பிள்ளைகள் கையைக் கழுவிட்டு வந்து குருத்தோலைக்குள்ள மாவை வச்சாங்க. நாங்க கட்டி அவிச்சு எடுத்தோம். திருக்கார்த்திகைக்குச் செய்யிற அதே ஓலைக் கொழுக்கட்டைதான். தானே வச்ச கொழுக்கட்டையைச் சாப்பிடாத பிள்ளையே இல்லை.

நாலாவது நுங்கு வண்டி. நுங்கைத் தின்னு முடிச்ச பிறகு, அந்த வெறுங்காய் ரெண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு கொடுத்துத் தள்ள விட்டோம். அரிவாள் வேலை எல்லாம் பிள்ளைகளின் அப்பாவே செஞ்சாங்க. தெருவில் 12 வண்டி ஓடினதை ஊரே நின்னு பார்த்தது.

கேக்கு? மகள் கேட்டா. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. அரைக் கிலோ வாங்கினேன். நம்ம கொள்கைக்காகப் பிள்ளையை ஏங்க விடக்கூடாது. அதுவும் இருக்கட்டும், அதுவே எல்லாமா ஆகிவிட வேண்டாம்.

செலவுக் கணக்கு சொல்றேன். கருப்பட்டி 180, தேங்காய் ஏலக்காய் 50, போஸ்டர் கலர் 120, சார்ட் பேப்பர் 40, கிரேயான் 60, சுண்டல் 50, கேக்கு 250. மொத்தம் 750 ரூபாய். ஓலையும் நுங்கும் மாவும் வீட்டில் இருந்தது.

அடுத்த தெருப் பிள்ளை வந்தாளா? முதல் ஆளா வந்தா. கையில் அவ முகத்தை விடப் பெரிய பூசணி இலை. அவ ஆச்சியும் வந்து, எங்க மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை கிழிச்சுக் கொடுத்தாங்க.

பனை இல்லாத ஊர்க்காரங்க யோசிக்க வேண்டாம். மழைக்காலம்னா மழை ஒரு தலைப்பு, கப்பல் விடலாம். மாடு ஒரு தலைப்பு, காய்கறி, குருவி, கோயில் தேர் எல்லாம் தலைப்புதான். தலைப்பைப் பிள்ளை சொல்லணும். நாம சொல்லக்கூடாது.

வண்ணம் வாங்கக் காசு இல்லைன்னாலும் அடுப்படியில் இருக்கு. மஞ்சள் தண்ணி தடவிக் காயவச்ச காகிதத்தில் சமையல் சோடா கரைச்ச தண்ணியைத் தொட்டு எழுதினா சிவப்பா எழுத்து வரும். அது மேலே எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்ப மஞ்சளாகும். செம்பருத்திப் பூவைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு, ஒரு டம்ளரில் எலுமிச்சை விட்டால் இளஞ்சிவப்பு, இன்னொரு டம்ளரில் சோடாத் தண்ணி விட்டால் பச்சை கலந்த நிறம். பிள்ளைகள் மந்திரம்னு கத்துவாங்க. பீட்ரூட், அடுப்புக்கரி, கீரைச்சாறு எல்லாமே வண்ணம்தான்.

சில ஜாக்கிரதை சொல்லியே ஆகணும். மூணு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை கையில் விதை, மணி, பொத்தான் கொடுக்காதீங்க, வாயில் போட்டுத் தொண்டையில் அடைச்சுக்கும். அவங்களுக்குக் களிமண்ணும் காகிதம் கிழிக்கிறதும் போதும். உடைஞ்ச பலூன் துண்டும் தொண்டையை அடைக்கும், உடனே பொறுக்கிருங்க. நுரை ஸ்பிரே தீப்பிடிக்கக்கூடியது, எரியிற மெழுகுவர்த்தி பக்கத்தில் அடிக்கவே கூடாது. மின்னுற பொம்மையில் பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். பிள்ளை அதை முழுங்கிட்டா வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். பசையைச் சாதாரண மைதாவில் காய்ச்சுங்க. அந்தக் காலத்தில் பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க, அது விஷம், பிள்ளைகள் பசைக்கு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பையும் பிள்ளை கையில் கொடுக்காதீங்க. ஒரு வேலைக்குக் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிசம். அதுக்கு மேலே பொறுமை இருக்காது. அப்புறம், பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசின கப்பு எல்லாம் 2019 ஜனவரி 1-ல் இருந்தே நம்ம மாநிலத்தில் தடை. நமக்கு வாழையிலையும் சில்வர் டம்ளரும் இருக்கு.

இன்னொண்ணு, பிள்ளை வரைஞ்சதைத் திருத்தாதீங்க. என் மகள் பனைமரத்தை நீல நிறத்தில் வரைஞ்சா. "பனை நீலமாவா இருக்கும்?" என்று என் வாய் வரைக்கும் வந்துட்டுது. அடக்கிக்கிட்டு, "இது எப்பப் பார்த்த மரம்?"னு கேட்டேன். "விடியக்காலம் அப்பா கூடப் போகையில" என்று சொன்னா. மறுநாள் விடியும் முன்னாடி எந்திரிச்சுப் போய்ப் பார்த்தேன். நீலமாத்தான் இருந்துச்சு.

கடைசியா ஒரு கோரிக்கை. எங்க குழுவில் நாங்க ஒரு பழைய தகரப் பெட்டி வச்சிருக்கோம். பிறந்தநாள் பெட்டின்னு பேர். அதில் வண்ணம், பிரஷ், முனை மழுங்கின கத்தரிக்கோல், கட்டை அச்சு, பழைய சேலையில் தைச்ச தோரணம், சில்வர் கிண்ணம் எல்லாம் இருக்கு. பிறந்தநாள் வைக்கிற வீட்டுக்கு 50 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். அந்தப் பணத்தில் தீர்ந்த வண்ணத்தை வாங்கி வைக்கிறோம். முடியாத வீட்டுக்குப் பணம் வாங்கறது இல்லை, நோட்டில் அதை எழுதறதும் இல்லை. கூட்டமைப்பில் இருக்கிற ஒவ்வொரு குழுவும் இப்படி ஒரு பெட்டி வைக்கத் தீர்மானம் போடணும்னு கேட்டுக்கிறேன். பிறந்தநாளுக்குன்னு யாராவது உள்கடன் கேட்டா, முதலில் அந்தப் பெட்டியைக் காட்டுங்க. கடன் இல்லைன்னு முகத்தில் அடிச்ச மாதிரி சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா நாங்க ஆடுன்னு எழுதிருவோம்.

இதோ நான் கையில் கொண்டு வந்திருக்கிற துணி, அன்னைக்கு 12 பிள்ளைகளும் இலை அச்சு வச்ச வேட்டி. துவைச்சா வண்ணம் போயிரும், அதனால துவைக்கிறதே இல்லை, வெயிலில் உதறி மடிச்சு வைக்கிறேன். 14 பிறந்தநாளுக்கும் பின்னாடி இதைத்தான் கட்டினோம். நடுவில் பெருசாத் தெரியுது பாருங்க, அது பூசணி இலை.

கடன் அடைச்ச மறு வருசம், குழுவில் மறுபடியும் கடன் வாங்கி நிசமாவே ஆடு வாங்கினேன். இப்ப ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஊக்குநர் அக்கா எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம். சாயங்காலம் வாங்கக்கா, பகலில் மேயப் போயிருக்கும்.